மத்தியானத்து விலை

அம்மாவின் சட்டம் ஒரே வரிதான்: ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும். கேக்கோ தர்பூசணியோ, வீட்டில் இரண்டாகப் பிரிக்க வேண்டிய எது வந்தாலும் கத்தி தங்கையின் கையில். முதலில் எடுக்கும் உரிமை அண்ணனுக்கு. கோணலாக வெட்டினால் நஷ்டம் வெட்டியவளுக்கே. இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்த நீதிபதியாலும் செய்ய முடியாது என்று அம்மா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். பாவம், பெற்ற பிள்ளைகளை அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் எப்போதும் சின்னத் துண்டைத்தான் எடுப்பான். அது தங்கைக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் கோணலாக வெட்டினாள்.

இப்போது தங்கைக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயது. செருப்புக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் கிடார் பழுது பார்க்கிறாள். அந்தத் தெரு முழுக்க அவளுக்குப் பெயர் கம்பி. கிடார் கம்பியோடு மாரடிப்பதாலா, ஆளும் கம்பி மாதிரி இருப்பதாலா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் டெலிவரி வேன் ஓட்டுகிறான். வேன் அவனுடையதில்லை. உரிமையாளர் அதை விற்றுவிட்டு மகளோடு போய்த் தங்கப்போகிறார். மாதக் கடைசியோடு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சொந்தமாக ஒரு வேன் வாங்க வங்கி பாதிதான் தரும். மீதிப் பாதிக்கு வழியில்லாமல் அண்ணன் தூக்கமில்லாமல் திரிந்துகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிடார் வந்து சேர்ந்தது. பயணிகள் கப்பலில் வாத்தியக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த சித்தப்பா, கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல், கடைசியில் ஒரு பெட்டியையும் ஒரு எலெக்ட்ரிக் கிடாரையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கிடார் உங்க ரெண்டு பேருக்கும் என்று சொல்லியிருந்தார். ரெண்டு பேருக்கும் என்றால் எப்படி என்று சொல்லவில்லை. இளம் வயதில் அவர் சம்பளத்தையெல்லாம் கொட்டிப் புதிதாக வாங்கிய கிடார் அது. பழசாக ஆக விலை ஏறுகிற ரகம். தப்பில்லாமல், ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அது ஒரு நல்ல வேனின் விலை பெறும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அது வேனாகவே தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றான் அண்ணன். ஆனால் கம்பிக்கு அந்தக் கிடார் வேண்டும். ஏன் என்று கேட்டால் நீட்டி முழக்கிச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. சின்ன வயதில் அதற்குச் சுதி சேர்க்க மட்டும் சித்தப்பா விடுவார், வாசிக்க விடமாட்டார். அன்று பிடித்த ஆசை. பிறத்தியார் கிடார்களையே நாள் முழுக்கத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவளுக்கு, ஒன்றே ஒன்றாவது தன்னுடையதாக, அதுவும் அந்தக் கிடாராகவே, வேண்டும். அவ்வளவுதான். நானே எடுத்துக்கறேன் என்று அவள் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவின் சட்டத்தை எடுத்துப் போட்டான். கிடாரைத் தெரிந்தவள் அவள், அதனால் விலையை அவள் சொல்லட்டும். கிடாரா, அந்த விலையில் பாதிப் பணமா, எது வேண்டும் என்று அவன் எடுப்பான். மற்றது அவளுக்கு.

அண்ணி மட்டும் ஒரு நிபந்தனை சேர்த்தாள். எடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய கிடார் வியாபாரி அதைப் பார்க்க வேண்டும். அவர் என்ன விலைக்கு வாங்குவார் என்று தெரிய வேண்டும். அண்ணன் அதெல்லாம் எதற்கு என்று முனகினான். கணவனின் சின்னத் துண்டுப் புத்தி அண்ணிக்குத் தெரியாதா என்ன, அவள் விடவில்லை.

வியாபாரி வர வேண்டிய நாள் காலையில் அண்ணன் கிடார்ப் பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

"நீ நிதானமா பாத்து விலைய முடிவு பண்ணு பாப்பா. சாயங்காலம் அவரோட வரேன்" என்றான்.

"நீ கூட இருக்க வேண்டாமா?"

"நான் இருந்து என்ன பண்ணப்போறேன்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

கம்பி கதவைச் சாத்திவிட்டுக் கணக்குப் போட்டாள். முழு விலை ஒரு வேன் என்றால் அண்ணனுக்கு அவள் தர வேண்டியது அரை வேன். அவளிடம் இருந்த சேமிப்பு கால் வேன் வரும். இன்னொரு கால் வேண்டுமென்றால் இழைப்பு இயந்திரத்தையும் துளை போடும் இயந்திரத்தையும் விற்று, இந்த மாடி அறையையும் காலி செய்து, கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். கடையை விற்றுக் கிடார் வாங்கிவிட்டு எவனிடமோ கைகட்டி வேலைக்கு நிற்பதா? அதை அப்போதே தலையை உதறித் தள்ளிவிட்டாள். விலையைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. வியாபாரி ஒரே பார்வையில் உண்மையான விலையைச் சொல்லிவிடுவார். அண்ணி சும்மா விடமாட்டாள், அண்ணன் கிடாரை எடுத்து அவரிடமே விற்றுவிட்டு அவளுக்குப் பாதியைத் தந்துவிடுவான். கிடார் போய்விடும்.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒரு குறை. அந்தக் கிடாரில் நிஜமான, வியாபாரியே ஒப்புக்கொள்கிற, விலையைப் பாதியாக்குகிற ஒரு குறை இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தேட ஆரம்பித்தாள். வாங்குகிறவர்கள் குறை இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தேடுவார்கள். இவள் இருக்க வேண்டுமே என்று தேடினாள்.

முதலில் கழுத்து. இந்த ரகக் கிடார்கள் ஒரு தடவை விழுந்தால் போதும், தலை கழுத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். எத்தனை நன்றாக ஒட்டினாலும் விலையில் பாதி போய்விடும். விரல் நகத்தால் தடவினாள், விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். மரத்தின் ரேகை கழுத்திலிருந்து தலைவரை அறுபடாமல் ஓடியது. அடுத்து வார்னிஷ். ஜன்னலை மூடிவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். மறுபடி வண்ணம் அடித்த இடம் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். தொடாத பழைய வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளில் மினுங்கும். கிடார் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக மினுங்கியது. எங்காவது ஒரு கறுப்புத் திட்டு தெரியாதா என்று அவள் இன்னொரு தடவை விளக்கை ஓட்டினாள்.

சுதி சேர்க்கும் முறுக்காணிகள் அதே பழைய ஆணிகள். பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் அடியில் ஆலை குத்திய எண்கள் எல்லாம் ஒரே வருடத்தைக் காட்டின. கப்பல் கப்பலாக, துறைமுகம் துறைமுகமாக இழுபட்ட சாமானுக்கு ஒரு கீறலாவது உள்ளே இருக்க வேண்டாமா? சித்தப்பாவின் மேல் அவளுக்குக் கோபமே வந்தது. உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

மிச்சமிருந்தவை பிக்கப்புகள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தப் பெட்டிகள். இந்தக் கிடாரின் விலையில் பெரிய பங்கு அவற்றுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு உலோக மூடி. மூடியை ஆலையில் அடித்தட்டோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பற்று கலையாமல் இருக்கும்வரை உள்ளே இருப்பது பழைய சுருள்தான் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஒரு தடவை கலைந்துவிட்டால் போச்சு. உள்ளே சுருளை மாற்றினார்களா, காந்தத்தை மாற்றினார்களா, சத்தியம் செய்தாலும் எவனும் நம்பமாட்டான். அவள் திருகுகளைத் தளர்த்தி ஒரு பிக்கப்பைத் தூக்கிக் கவிழ்த்தாள். பற்று சாம்பல் நிறத்தில், மங்கலாக, யாரோ ஒரு தொழிலாளி என்றோ வைத்தது வைத்தபடி இருந்தது.

மத்தியானமும் ஆகிவிட்டது, கிடாரில் எள்ளளவு குறையும் இல்லை. முழு வேன். அவள் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஈயத்தை இளக்கும் சால்டரிங் அயர்னின் சுவிட்சைப் போட்டாள்.

யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஒயர் அறுந்து மேசையில் கிடந்தது. அதற்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒயர் அன்று கடைசிவரை அறுந்தபடியேதான் கிடந்தது.

சூடேறும் நேரத்தில் மனசு வக்கீலாகிவிட்டது. ஒரே ஒரு பற்று. சத்தத்தில் ஒரு மாற்றமும் வராது. அவள் இதை விற்கப்போவதே இல்லை, அப்புறம் விலை குறைந்தால் யாருக்கு என்ன? அண்ணனுக்குத்தான். அரை வேன் வர வேண்டிய இடத்தில் கால் வேன் வரும், கால் வேனுக்கு வங்கி அசையாது. அவன் வேறு எங்காவது சமாளித்துக்கொள்வான், எப்போதும் சமாளித்துக்கொள்கிறவன்தானே. இந்த இடத்தில் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சம் கையைத் தடுக்கும் அளவுக்கு இல்லை.

அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தபோது சுர்ரென்றது. முனையைப் பற்றின் மேல் வைத்தாள். பழைய ஈயம் சட்டென்று இளகவில்லை. எடுத்துவிடு, இன்னும் ஒன்றும் ஆகவில்லை, எடுத்துவிடு என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் அழுத்திப் பிடித்தாள். சாம்பல் நிறம் திடீரென்று கண்ணாடியாகப் பளபளத்தது. பிசின் புகை ஒரு இழையாக எழுந்து அவள் மூக்கில் ஏறியது.

முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மறுபக்கத்துப் பற்றையும் இளக்கி, மூடியை நகர்த்தி, மறுபடி ஈயம் வைத்து மூடினாள். புதுப் பற்று பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடுமே. பென்சில் தூளை விரலில் எடுத்துத் தடவி அதன் பளபளப்பைக் கொன்றாள். எப்போதோ, யாரோ திறந்தது போல ஆயிற்று. சொல்லக் கூடாது, வேலை சுத்தமான வேலை. ஜன்னலைத் திறந்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவசரத்தில் சுவிட்சை அணைக்காமலே அயர்னை அறுந்த ஒயருக்குப் பின்னால் தள்ளினாள்.

வியாபாரியைத் தொழிலில் எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். ஒல்லியான, மரியாதையான மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் கிடாரைத் தொட ஆரம்பித்ததும் அறையில் மின்விசிறி சத்தம் மட்டும்தான். காலையில் அவள் போன அதே வழியில் அவரும் போனார்: கழுத்து, தலை, ஊதா விளக்கு, பின்தகடு. ஒவ்வொன்றுக்கும் அவர் லேசாகத் தலையாட்ட ஆட்ட அண்ணனின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இந்த மாதம் முழுக்க அந்த முகத்தை அவள் அப்படிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிக்கப்பைக் கவிழ்த்த கை நின்றது. பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். நேரம் போனது.

"இத யாரோ திறந்திருக்காங்களே" என்றார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். மற்றபடி இது அருமையான சாமான். ஆனால் ஒன்றைத் திறந்தவன் இன்னொன்றை விட்டுவைத்தான் என்று எதை வைத்து நம்புவது? பாதி விலைக்கு மேல் தன்னால் போக முடியாது, வேறு யாரும் போகமாட்டார்கள். அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. திறந்தது யாராக இருக்கும் என்று வியாபாரி அவளைக் கேட்டார்.

"சித்தப்பாவா இருக்கும்" என்று அவள் வாய் கூசாமல் சொன்னாள். "கப்பல்ல எப்பவாவது ரிப்பேர் ஆகியிருக்கும்."

செத்துப்போன மனுஷன் எழுந்து வந்தா மறுக்கப்போகிறார்? ஆனால் அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். சித்தப்பா உள்ளே திருப்புளி பட விடாதவர் என்பது அவனுக்கும் தெரியும். அவன் மேசைப் பக்கம் நகர்ந்து, ஊன்றிக்கொள்ள அதன் மேல் கையை வைத்தான்.

"ஸ்..." என்று கையை உதறினான்.

விரல் பட்டது அயர்னின் மேல். அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டே ஒயருக்குப் பின்னால் கிடந்த அயர்னைப் பார்த்தான். அறுந்தபடியே கிடந்த ஒயரைப் பார்த்தான். முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். கடைசியாக அவளைப் பார்த்தான்.

வியாபாரி பிக்கப்பை இடத்தில் பொருத்துவதில் மும்முரமாக இருந்தார். அண்ணன் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தொழில் அந்த ஊரில் அன்றோடு முடிந்தது. பழைய கிடாரை நம்பி எவன் அவளிடம் கொடுப்பான்? அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. திட்டவில்லை. விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான்.

"சரி. விலைய நீதான சொல்லணும். சொல்லு பாப்பா."

அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அவள் அரை வேன் என்று சொல்வாள். அவன் கால் வேன் பணத்தை எடுத்துக்கொண்டு, கிடார் உனக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, படியிறங்கி, அண்ணியிடம் சித்தப்பாவைக் குறை சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் வேன் சாவியைக் கொடுத்துவிடுவான். சின்னத் துண்டு. அவள் எத்தனை கோணலாக வெட்டினாலும் அவன் அதைத்தான் எடுப்பான். இனி அந்தக் கிடாரை எடுக்கும்போதெல்லாம் அந்த விரல்தான் கண்ணில் நிற்கும். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

"ஒரு வேன்" என்றாள். பிறகு வியாபாரிக்காக, காலையில் போட்ட முழுத் தொகையையும் வாய்விட்டுச் சொன்னாள்.

பூதக்கண்ணாடி சிரித்துவிட்டார். "ஏம்மா, நான் இப்பதான சொன்னேன். மூடி திறந்த கிடாருக்கு இந்த விலைய யார் குடுப்பா?"

"நான் குடுப்பேன்" என்றாள். "மத்தியானம் அதோட விலை அதுதான். திறந்தது நான்தான்."

வியாபாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அறுந்த ஒயரை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான் கீழே இருக்கேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த மனிதர் இதை வெளியே சொல்வாரா மாட்டாரா என்று இனி ஆயுசுக்கும் அவள் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அறையில் இருவரும் நின்றார்கள். அண்ணன் நிதானமாகக் கிடாரைப் பார்த்தான். அவள் பயந்தது அவன் கோபத்துக்கு இல்லை. போகட்டும் விடு, பாதியே கொடு என்று அவன் சொல்லிவிடுவானோ என்றுதான் பயந்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் அவளுக்கு மீட்சியே இல்லை.

"அரை வேன் உன்கிட்ட ஏது?" என்றான்.

"அறைய காலி பண்றேன். மெஷினையெல்லாம் வித்துடறேன். மாசக் கடைசிக்குள்ள உன் கையில இருக்கும்."

"காலி பண்ணிட்டு?"

"எவன்கிட்டயாவது வேலைக்குப் போறேன். கை இருக்கே."

அண்ணன் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்த விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"சரி" என்றான். "பணம் எனக்கு. கிடார் உனக்கு."

பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணன் பெரிய துண்டை எடுத்தான். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அவன் தேற்றவில்லை. தேற்றாமல் இருந்ததும் நல்லதாகத்தான் போயிற்று. குழாயைத் திறந்து விரலை நனைத்துக்கொண்டு நின்றவன், அவள் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு பேசினான்.

"எது பெரிசு எது சின்னதுன்னு அப்பவும் எனக்குத் தெரியும் பாப்பா. கண்ணு தெரியாம எடுக்கல."

"தெரியும்" என்றாள்.

மாதக் கடைசிக்குள் அவள் சொன்னபடியே செய்தாள். இழைப்பு இயந்திரம் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனது. துளை போடுகிறதை விற்றதில் கொஞ்சம் நஷ்டப்பட்டாள். அறைக்கு ஒரு தையல்காரர் வந்தார். ஊரின் மறுமுனையில் இருந்த பெரிய வாத்தியக் கடை ஒன்று அவளைப் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. மேலாளர் அவளைவிட வயதில் சின்னவர். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவளிடம் தெளிவாகச் சொன்னார். பூதக்கண்ணாடி எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது இன்னும் சொல்லவில்லை.

விற்க மனம் வராத மேசை ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை வீட்டுக்கு எடுத்துப் போக அண்ணன் வந்தான். ஓட்டி வந்தது அவன் புது வேன்; உண்மையில் வேறொருவர் ஓட்டிய பழசு, ஆனால் அவனுக்குப் புதுசு. இருக்கைக்கு அவன் புதிதாகப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். இருவரும் மேசையை மூச்சு வாங்கப் படியிறக்கிப் பின்னால் ஏற்றினார்கள். அந்த வேனில் ஏறிய முதல் சுமை அவளுடைய கடைதான்.

அவள் முன்னிருக்கையில் கிடார்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னும் அதை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. சுதி மட்டும் சேர்த்து வைத்திருந்தாள். அண்ணன் சாவியைத் திருகினான். கையை ஸ்டியரிங்கில் வைத்தபோது விரலில் பழுப்பாக ஒரு தழும்பு தெரிந்தது. அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

"சுமை வாடகை இருக்கே" என்றான், தெருவைப் பார்த்தபடி. "எவ்வளவுன்னு நீயே சொல்லு."

அவள் கொஞ்சமும் யோசிக்காமல் தெருவில் எல்லோரும் வாங்குகிற முழு வாடகையைச் சொன்னாள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.